மரவள்ளி இலையும் மூடிய சட்டியும்

உலக்கைச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நெல் குத்தும் சத்தம் வேறு, மா இடிக்கும் சத்தம் வேறு. இது ஈரமான சத்தம். உலக்கை ஒவ்வொரு முறையும் உரலுக்குள் ஒட்டிக்கொண்டு, பிறகு மனமில்லாமல் விடுபடும்.

திலகா அக்கா மரவள்ளி இலை இடித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை பச்சை தெறித்திருந்தது. என் மகள் யசோ, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து உரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. மலேரியாக் காய்ச்சல் விட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கழுத்து எலும்பு இரண்டும் சட்டைக்கு மேலே தெரிந்தன. வாயில் வைத்ததையெல்லாம் துப்பிக்கொண்டிருந்த பிள்ளை, அன்று காலையில் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

“அன்ரி, இண்டைக்கு என்ன சாப்பாடு?”

அந்தக் கேள்விக்காகவே திலகா அக்கா வேலிக்கரை மரவள்ளிகளின் கொழுந்தையெல்லாம் பறித்துக்கொண்டு வந்திருந்தார்.

இந்தத் தொடரில் முன்பும் வந்த தண்ணீரூற்றுக் காணிதான் இது. புதிதாகப் படிப்பவர்களுக்காக: ஒரு தென்னங்காணி, அதற்குள் மூன்று கொட்டில்கள், ஒரு கிணறு, விமானக் குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர். ஒரு கொட்டிலில் நானும் யசோவும். யாழ்ப்பாணத்தில் நான் வேலை பார்த்த பத்திரிகையை விட்டு, ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து வந்திருந்தோம். என் கணவர் ஒரு அலுவலாக வவுனியாவுக்குப் போனவர். போரில் பாதை மூடப்பட்டதால் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இரண்டாவது கொட்டிலில் திலகா அக்கா தனியே. மூன்றாவதில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மரியம்மாவும் அவருடைய மகன் யேசுதாசனும்.

சாம்பியாக்கா

திலகா அக்காவின் கணவர் கணித ஆசிரியர். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். இவர்கள் போனது சாம்பியாவின் வடக்கே கசாமா என்ற ஊருக்கு. பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வந்து சிறிது காலத்தில் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். இடம்பெயர்ந்தபோது திலகா அக்கா தூக்கிக்கொண்டு வந்தவற்றில் ஒரு நீண்ட மரக் கரண்டி இருந்தது. துடுப்புப் போலத் தட்டையானது. அதைக் கண்ட அன்றே மரியம்மா அவருக்குச் சாம்பியாக்கா என்று பெயர் வைத்துவிட்டார்.

கசாமாவில் பக்கத்து வீட்டில் பியட்ரிஸ் என்றொரு பெண் இருந்திருக்கிறார். அவர்தான் திலகா அக்காவுக்கு அந்த ஊர்ச் சமையலைப் பழக்கியவர். சோளன் மாவையோ மரவள்ளி மாவையோ கொதிநீரில் கொட்டித் துடுப்பால் கிண்டிக் கிண்டி இறுக வைப்பது. அதற்கு ஒரு பெயர் உண்டு. ‘ந்’ என்று தொடங்கும் அந்தப் பெயர் எங்கள் வாய்க்கு வராததால் ‘சீமா’ என்றோம். அதில் ஒரு கவளம் எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் குழி பண்ணி, அந்தக் குழியால் கறியை அள்ள வேண்டும். கறி என்றால் பெரும்பாலும் ஏதாவது இலை. இடித்த கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டது, வாய்த்தால் சின்னக் கருவாடும்.

கசாமாவில் இருந்த காலத்தில் அவர் அதை ஆசைக்குச் சமைத்தாராம். இங்கே அது வேறு விதமாகப் பயன்பட்டது. நிவாரண மா எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. ஆனால் மரவள்ளி எந்த வேலிக்கரையிலும் நின்றது. கச்சான் வன்னி மண்ணில் தாராளமாக விளைந்தது. கருவாடு மரியம்மா வீட்டில் இருந்தது. கசாமாச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் எங்களைச் சுற்றியே கிடந்தது.

திலகா அக்கா அதை அப்படியே செய்யவும் இல்லை. தக்காளிக்குப் பதில் பழப்புளி விட்டார். ஏரிக்கரை மீன் கருவாட்டுக்குப் பதில் நெத்தலி. கடைசியில் ஒரு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடுவார்.

“பியட்ரிஸ் கண்டால் பேசுவா. ஆனால் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னுவா,” என்பார்.

ஆடு தின்னாத குழை

கிழங்கைப் பற்றி யாருக்கும் பயமில்லை. அவித்துச் சம்பலோடு எல்லோரும் தின்கிறோம். இலைதான் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் அதை எவரும் கறிக்கு எடுப்பதில்லை. மேயக் கட்டிய ஆடு மரவள்ளிப் பக்கம் போனால் ஓடிப்போய் இழுத்து வருவார்கள்.

அன்றும் மரியம்மா கருவாட்டோடு வந்து உரலடியில் நின்றார்.

“சாம்பியாக்கா, உந்தக் குழையைத் திண்டு எங்கட ஆடு வயிறு ஊதிச் செத்தது. நீங்கள் பிள்ளைக்குக் காய்ச்சுறியள்.”

“உங்கட ஆடு இடிச்சு அவிச்சே திண்டது?”

“அதுக்கு உரல் இல்லை, பாவம்.”

“அப்ப பேசாமல் நெத்தலியைத் தாங்கோ.”

நான் சிரித்தேன். பிறகு, பத்திரிகைக்காரியின் பழக்கத்தில், எது நஞ்சு, எப்படிப் போகும் என்று விளக்கமாகக் கேட்டேன். திலகா அக்கா உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“பச்சை இலையில நஞ்சிருக்கு. அது உண்மை. இடிக்கேக்கை வெளிக்கிடும். கொதிக்கேக்கை ஆவியோட போகும். அதால சட்டி வாய் திறந்திருக்கோணும். பச்சை மணம் அடங்குமட்டும் கொதிக்கோணும். பியட்ரிஸ் எனக்கு முதல் சொன்னதே இதுதான். மூடினால் போறது போகாது, திரும்பக் கறிக்குள்ள சொட்டும்.”

எனக்கு அது தெளிவாக விளங்கியது. இவ்வளவு தெளிவாக விளங்கியதே பிறகு என்னை வதைத்தது.

சத்தம் கேட்டால்

விமானச் சத்தம் கேட்டால் வன்னிக் குசினியில் ஓர் ஒழுங்கு இருந்தது. எவரும் எழுதி வைத்த ஒழுங்கல்ல. கைகளுக்குத் தெரிந்த ஒழுங்கு. முதலில் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது, புகை மேலே தெரியக் கூடாது. அடுத்து சட்டியை மூடுவது, அதிர்வில் கூரைத் தூசியும் மண்ணும் உள்ளே விழக் கூடாது. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடுவது. சிலர் சட்டியை மூடிவிட்டு அதன் மேல் ஒரு கல்லும் வைப்பார்கள். உணவைச் சிந்த விடாத சனம்.

அன்று இலை கொதிக்கத் தொடங்கிச் சிறிது நேரம்தான். வற்றாப்பளைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. நான் யசோவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மரியம்மா செபமாலையோடு இறங்கினார். யேசுதாசன் எங்கிருந்தோ ஓடி வந்தான். திலகா அக்கா கடைசியாக இறங்கினார். சூடு பட்ட விரலை வாயில் வைத்திருந்தார்.

இரண்டு முறை நிலம் அதிர்ந்தது. தூரத்தில்தான். பங்கர்ச் சுவரிலிருந்து மண் சரிந்து யசோவின் தலைமயிரில் விழுந்தது. அதன் பிறகும் சத்தம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஈர மண் மணத்தில் யசோவுக்கு இருமல் பிடித்தது.

மேலே வந்தபோது விறகு ஊறிப்போயிருந்தது. திலகா அக்கா ஊதி ஊதி அடுப்பை மூட்டினார். கண்ணெல்லாம் புகை. கொதி வந்ததும் கச்சான் மாவைக் கொட்டினார். அதோடு பச்சை மணம் போய்க் கச்சான் மணம் எழுந்துவிட்டது.

“பசிக்குது,” என்றாள் யசோ.

எத்தனையோ நாட்களாக நாங்கள் கேட்கக் காத்திருந்த சொல் அது. உடனே சீமாவும் கறியும் கோப்பையில் போட்டுக் கொடுத்தோம். அவள் குழி பண்ணி, கறியை அள்ளி, விரலையும் நக்கினாள். இரண்டாவது கவளமும் கேட்டாள். எதிரே இருந்து நானும் திலகா அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

இஞ்சி

ஈழத்துத் தமிழருக்கு மரவள்ளியையும் இஞ்சியையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டும் ஒரு வயிற்றில் சேரக் கூடாது, சேர்ந்தால் மரணம் என்பது எங்கள் நம்பிக்கை. மரவள்ளி அவிக்கும் நாளில் பல வீடுகளில் இஞ்சியைக் குசினிக்குள்ளேயே வைப்பதில்லை.

யசோ சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனாள். இருமிக்கொண்டே போயிருக்கிறாள். அதைக் கேட்ட மரியம்மா அவளைத் தன் கொட்டிலுக்குள் கூப்பிட்டு, யேசுதாசனின் தடிமனுக்கு என்று வைத்திருந்த மல்லித் தண்ணியில் ஒரு குவளை கொடுத்திருக்கிறார். மல்லி, மிளகு, நிறைய இஞ்சி. பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை என்று அவர் நினைத்திருந்தார்.

குவளையைக் கழுவ வெளியே வந்தவர் எங்கள் கொட்டில் வாசலில் யசோவின் கோப்பையைக் கண்டார். ஓரத்தில் பச்சை ஒட்டியிருந்தது.

“ஐயோ மாதாவே! பிள்ளை சாப்பிட்டிட்டாளே?”

“ஓம். ஏன்?”

“நான் இஞ்சி குடுத்திட்டன்! தங்கச்சி, நான் இஞ்சி குடுத்திட்டன்!”

எனக்குள் அந்த நேரத்தில் வந்தது கண்ணீர் அல்ல, ஒரு செய்தி. முன்பு ஒருமுறை அச்சுப்பிழை பார்க்க என் மேசைக்கு வந்த சிறிய செய்தி. மரவள்ளியும் இஞ்சியும் சேர்த்து உண்டதாலேயே மரணம் சம்பவித்ததாக நம்பப்படுகிறது என்று அது முடியும். ‘சம்பவித்ததாக’ என்பதில் ஒரு எழுத்துத் தவறியிருந்தது. அதைத் திருத்தி அனுப்பினேன். அந்தச் சொல் இப்போது முழுதாக, பிழையில்லாமல் கண் முன்னே நின்றது.

மரியம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் கொடுங்கோ என்றார், பிறகு தேங்காய்ப்பால் என்றார், பிறகு ஒன்றுமே கொடுக்க வேண்டாம் என்றார். யேசுதாசன் சைக்கிளை எடுத்து, காற்றுப் போயிருக்கிறதென்று பம்பைத் தேடினான். யசோ எல்லோரையும் மாறி மாறிப் பார்த்து அழத் தொடங்கினாள்.

திலகா அக்காதான் அமைதியாக நின்றார்.

“மரியம்மாக்கா, உங்களுக்கு விசரே? கசாமாவில கலியாண வீட்டில இதே குழை, பிறகு இஞ்சித் தண்ணி. ஊரே குடிக்கும். ஒருத்தரும் சாகேல்லை. நானும் குடிச்சனான்.”

“அது அங்கத்தைச் சனம்!”

“வயிறு எல்லாருக்கும் ஒரே வயிறுதான். இஞ்சியால ஒண்டும் வராது. பிள்ளையைப் பயப்படுத்தாதேங்கோ.”

அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. அழுத பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன். மரியம்மாவும் அழுகையைச் சிணுங்கலாக்கினார். யேசுதாசன் பம்பைக் கீழே வைத்தான். திலகா அக்கா யசோவுக்குத் தண்ணீர் எடுத்துவரக் குசினிக்குப் போனார்.

கோப்பையும் கையுமாக

அவர் திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. ஒரு தகரக் கோப்பை இருந்தது. சட்டிக்கு மூடியாக நாங்கள் பாவிக்கும், தட்டுப் போன்ற அகலக் கோப்பை. அடுப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்திருக்கிறது. அதன் குழிவில் ஆவி படிந்த தண்ணீர் கொஞ்சம் தேங்கி நின்றது. அவர் அதை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“இதை ஆர் போட்டது?” என்றார்.

பிறகு தன் விரலைப் பார்த்தார். சூடு பட்ட இடம் சிவந்திருந்தது.

“நான்தான். போட்டதும் நான், எடுத்ததும் நான். கை செய்திட்டுது. தலைக்குத் தெரியேல்லை.”

மூடிய சட்டிக்குள் அந்த இலை எவ்வளவு நேரம் கிடந்தது, அடுப்பை மீண்டும் மூட்டிய பிறகு எவ்வளவு நேரம் கொதித்தது, கச்சான் மணத்தில் பச்சை மணம் அடங்கியதா மறைந்ததா என்பதெல்லாம் அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. காலையில் அவர் சொன்ன ஒவ்வொரு வசனமும் எனக்கு நினைவிருந்தது.

யசோ என் தோளில் சாய்ந்து, “தலை சுத்துது அம்மா,” என்றாள். காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தைதான். அன்றைக்கு அதைக் கேட்டு நிற்க முடியவில்லை.

“வெளிக்கிடு பிள்ளை,” என்றார் திலகா அக்கா. “ஆசுப்பத்திரிக்குப் போவம்.”

“இப்பத்தானே ஒண்டும் வராதெண்டு சொன்னனீங்கள்?” என்றார் மரியம்மா.

“இஞ்சியால வராது. வெளிக்கிடு.”

ஒரு பாய்

ஆசுப்பத்திரி அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கியது. நான் யசோவைச் சைக்கிள் பாரில் இருத்தி மிதித்தேன். யேசுதாசன் பின்னால் திலகா அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தான். திலகா அக்கா ஒரு கையால் கரியரையும் மறு கையால் துணியில் கட்டிய கறிச்சட்டியையும் பிடித்திருந்தார். வானத்தில் சத்தம் இருக்கிறதா என்று காது ஒரு பக்கம். யசோவின் மூச்சு வருகிறதா என்று என் மோவாய் அவள் உச்சந்தலையில். மணலில் சைக்கிள் புதையும்போது இறங்கி உருட்டினேன். அவள் கண்ணை மூடினால், “யசோ, அங்க பார், மாடு,” என்றேன். மாடு இல்லாத இடத்திலும் சொன்னேன்.

இளம் டொக்டர். தூங்கிப் பல நாளாகியிருக்கும் கண்கள்.

“என்ன சாப்பிட்டவா?”

“இஞ்சி ஐயா,” என்றான் யேசுதாசன்.

“இஞ்சி இல்லை டொக்டர். மூடி,” என்றார் திலகா அக்கா.

“மூடியையும் திண்டவாவோ?”

திலகா அக்கா விளக்கினார். டொக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சட்டியை அவிழ்த்து மணந்து பார்த்தார். யசோவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார்.

“உதுக்கு மருந்து எங்களிட்டை இல்லை அக்கா. ஆமிக்காரர் இஞ்சால வர விடமாட்டாங்கள். பிள்ளை ஒழுங்கா மூச்செடுக்கிறா எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதுதான் வைத்தியம். பொழுதுபடும்வரை இருங்கோ. சத்தி எடுத்தால் நல்லது. நித்திரையானால் உடனே கூப்பிடுங்கோ.”

வகுப்பறை விறாந்தையில் ஒரு பாய் கிடைத்தது. கரும்பலகையில் யாரோ எழுதிய கூட்டல் கணக்கு அழியாமல் இருந்தது. யசோவின் தொண்டைக் குழி உள்ளே போய் வெளியே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வவுனியாவில் இருக்கும் அவளுடைய அப்பாவுக்கு இதை எப்படி அறிவிப்பது என்று யோசித்தேன். எதை அறிவிப்பது என்பதை யோசிக்கவில்லை.

சிறிது நேரத்தில் அவள் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். பச்சையாக. பிறகு வெளிறிப்போய் என் மடியில் படுத்தாள். கண்கள் செருகின. நான் கதை சொன்னேன். பாட்டுப் பாடினேன். கன்னத்தில் தட்டினேன்.

திலகா அக்கா தூணோரம் இருந்தார். ஒரு நேரம் திரும்பிப் பார்த்தபோது, அவர் சட்டியை மடியில் வைத்து, கையால் அள்ளிக் கறியைத் தின்றுகொண்டிருந்தார். ருசித்தல்ல. மருந்து விழுங்குவதுபோல.

“என்னக்கா செய்யிறியள்?”

“பிள்ளைக்குள்ள என்ன இருக்கோ அது எனக்குள்ளயும் இருக்கட்டும். அப்பத்தான் தெரியும்.”

அந்த வழியாக வந்த தாதி நின்றுவிட்டார். “அம்மா, உங்களுக்குத் தர இஞ்ச இன்னொரு பாய் இல்லை. மூடி வையுங்கோ அதை!”

மூடி என்ற சொல்லைக் கேட்டதும் திலகா அக்காவின் முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது மடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த, ஆனால் நல்ல கோபமான குரல்.

“அம்மா, அன்ரி என்ரை கறியைச் சாப்பிடுறா.”

மரியம்மாவின் தீர்ப்பு

வெளிச்சம் குறையும் நேரத்தில் டொக்டர் வந்து பார்த்துவிட்டு, வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும் என்றார். திலகா அக்காவின் நாடியையும் பிடித்துப் பார்த்தார். சட்டியை அங்கேயே கொட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

நாங்கள் திரும்பியபோது காணி வாசல் படலையில் மரியம்மா நின்றார். யசோவை வாங்கி முகம் முழுக்கக் கொஞ்சினார்.

“மாதாவுக்கும் நேந்தனான், வற்றாப்பளை அம்மாளுக்கும் நேந்தனான். ஆர் செய்ததெண்டு எனக்குத் தெரியாது, ரெண்டு பேருக்கும் குடுப்பம்.”

அவரைப் பொறுத்தவரை அன்று நடந்தது இஞ்சி விவகாரம். கடைசிவரை அதை மாற்ற முடியவில்லை. தன் இஞ்சியை எல்லாம் பக்கத்துக் காணிக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு இன்றும் தெரியாது, அந்த மயக்கம் இலையாலா, மலேரியா மாத்திரையாலா, நாங்கள் காட்டிய பயத்தாலா என்று. பத்திரிகையில் வந்திருந்தால் ‘நம்பப்படுகிறது’ என்று முடித்திருப்போம்.

திலகா அக்கா அதற்குப் பிறகு இலை பறிக்கவில்லை. உரல் கவிழ்ந்து கிடந்தது. சீமா கிண்டுவார், பருப்போடு தருவார். யசோதான் விடவில்லை. கன்னத்தில் சதை திரும்பிய பிறகு, தானே வேலிக்கரையில் கொழுந்து பறித்துச் சட்டையில் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டினாள்.

அவர் அந்தக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் உலக்கையை எடுத்தார்.

அன்றும் சத்தம் வந்தது. இலை கொதித்துக்கொண்டிருந்த நேரம். நான் பிள்ளையோடு பங்கருக்குள் இறங்கிவிட்டேன். மரியம்மாவும் யேசுதாசனும் இறங்கினார்கள். திலகா அக்காவைக் காணவில்லை. நான் எழுந்து எட்டிப் பார்க்கப் போன கணத்தில் அவர் இறங்கி வந்தார். இரண்டு கைகளாலும் அந்தத் தகரக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“அங்க இருந்தால் கை போட்டிடும்,” என்றார்.

சத்தம் ஓயும்வரை அதை மடியில் வைத்திருந்தார். நிலம் அதிரும்போதெல்லாம் அது கிணுகிணுத்தது.

மேலே வந்து பார்த்தபோது சட்டிக்குள் கூரைத் தூசியும் ஒரு காய்ந்த வேப்பிலையும் மிதந்தன. மரியம்மா முகத்தைச் சுளித்தார். திலகா அக்கா அகப்பையால் அவற்றை ஒவ்வொன்றாக வழித்தெடுத்து வெளியே எறிந்தார். யசோ கோப்பையோடு வந்து வாளியில் உட்கார்ந்தாள்.

“பொறு மோளே,” என்றபடி அவர் அடுப்பை ஊதத் தொடங்கினார். “இன்னும் கொதிக்கோணும்.”